தட்டில் மிச்சம் வைத்தவர்கள்

ஆர்லிஸ் பிரெக்கி தொலைபேசியில் பேச ஆரம்பித்தால் முதலில் மழையைப் பற்றித்தான் பேசுவாள். வயலில் ஈரம் எப்படி, மாடு கன்று போட்டுவிட்டதா, மருமகள் டுலூத் நகரத்திலிருந்து வந்துவிட்டாளா என்று ஒரு சுற்று வந்துவிட்டு, குரலை மாற்றாமல் கேட்பாள்: "சரி, நேத்து எத்தனை தடவை போச்சு? தண்ணியாவா, ரத்தம் கலந்தா?" வேறு யார் கேட்டாலும் வெட்கத்தில் போனை வைத்துவிடுகிற ஆட்கள் அவளிடம் மட்டும் எண்ணிக்கை பிசகாமல் ஒப்பிப்பார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடமேற்கு மூலையில், வெஸ்ட்ரம் என்கிற சிற்றூரில், மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் அவள் செய்துவந்த வேலை இதுதான்.

அவள் ஒன்றும் படித்துப் பட்டம் வாங்கி அந்த நாற்காலிக்கு வரவில்லை. நர்ஸாக வேண்டும் என்று சின்ன வயதில் ஆசைப்பட்டாள். வீட்டில் பால் கறக்க ஆள் வேண்டும் என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஓரின் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டு, பதினாலு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குப் பரிமாறினாள். நாற்பத்து மூன்றாவது வயதில் சுகாதார அலுவலகத்துக்குத் தட்டச்சு வேலைக்குப் போனாள். அந்தக் குளிர்காலத்தில் ஊரில் கக்குவான் இருமல் பரவியது. வீடு வீடாகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்த நர்ஸுக்கே தொண்டை கட்டிப்போக, போன் ஆர்லிஸின் கைக்கு வந்தது. ஒரே நாளில் முப்பத்தொரு வீடு முடித்தாள். அதற்குப் பிறகு யாரும் அவளிடமிருந்து போனைத் திருப்பிக் கேட்கவில்லை.

நோய் எங்கிருந்து வந்தது என்று தேடுவதில் பாதி வேலை இப்படிக் கேட்பதுதான். படுத்தவனிடம் கேட்க வேண்டும். அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கல்லு மாதிரி நடமாடுகிறவனிடமும் கேட்க வேண்டும். இரண்டு பேர் தட்டிலும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். கேட்டதற்கு உண்மையான பதில் வந்தால் போதும், மீதியைக் கூட்டல் கழித்தல் பார்த்துக்கொள்ளும். உண்மையான பதில் வரவில்லையென்றால் என்ன ஆகும் என்பதை ஆர்லிஸ் 1988-ஆம் வருஷ இலையுதிர் காலத்தில் தெரிந்துகொண்டாள்.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, லூத்தரன் தேவாலயத்தின் அறுவடை விருந்து. வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்று நீள மேஜையில் இருபத்து மூன்று பாத்திரங்கள் இருந்தன. நூற்றுப் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அந்த ஊரில் விருந்துக்கென்று எழுதாத சட்டங்கள் சில உண்டு. எல்லாப் பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டியாவது தட்டில் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சமைத்தவள் மனசு புண்படும். தான் கொண்டுவந்ததைத் தான் தொடக் கூடாது, அது அல்பத்தனம். நன்றாக இல்லை என்ற சொல் வாயிலிருந்து வரவே கூடாது. வாயில் வைக்க முடியாத ஒன்றைக்கூட "இது வித்தியாசமா இருக்கே" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அதற்கு மேல் அங்கே யாரும் யாரையும் திட்டிவிட முடியாது.

அந்த வருஷம் எலோடியா டிரெவீன்யோ முதல் தடவையாக ஒரு பாத்திரம் கொண்டுவந்தாள். டெக்சாஸிலிருந்து வருஷா வருஷம் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு வயல் வேலைக்கு வந்துபோன குடும்பம். கணவன் ரமீரோவுக்குச் சர்க்கரை ஆலையில் நிரந்தர வேலை கிடைத்ததும் இங்கேயே தங்கிவிட்டார்கள். எலோடியா ஊர் முதியோர் இல்லத்தில் சமையல்காரி. இரண்டு நாள் உட்கார்ந்து நூற்று முப்பது டமாலே செய்திருந்தாள். சோளமாவுக்குள் காரமாகச் சமைத்த பன்றியிறைச்சியை வைத்து, காய்ந்த சோளமடலில் சுற்றி ஆவியில் வேகவைத்தது. ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அவளிடம் வந்து பாராட்டினார்கள். காலிப் பாத்திரத்தோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. புதன்கிழமைக்குள் நாற்பத்தாறு பேர். இரண்டு கிழவர்களை ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சால்மோனெல்லா என்கிற கிருமி என்று பரிசோதனைக் கூடம் சொன்னது.

எலோடியாவின் டமாலேதான் காரணம் என்று ஊரில் ஒருத்தரும் சொல்லவில்லை. காப்பிக் கடையில் மட்டும், "மேஜையில இந்தத் தடவை புதுசா ஒண்ணு இருந்துச்சு இல்ல?" என்று ஒருவர் இழுக்க, "ஆமா, இருந்துச்சு," என்று இன்னொருவர் சன்னலைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அவளுடைய இரண்டு பெண்களும் படுத்துவிட்டதால் அதையே சாட்சியாகவும் வைத்துக்கொண்டார்கள். முதியோர் இல்லம் அவளை வீட்டில் இருக்கச் சொன்னது. அடுத்த வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடி அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும். அந்த வேலை போனால் குடும்பம் மறுபடி வயலுக்கும் டெக்சாஸுக்குமாக அலைய வேண்டியதுதான்.

எலோடியா ஒரு தடவை அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் கையைக் கழுவித்தான் செஞ்சேன். மூணு மணி நேரம் ஆவியில வெந்தது அது. நீங்க எழுதிக்குங்க," என்றாள்.

"எழுதிக்கறேன், எலோடியா. யார் மேலயும் நாங்க இன்னும் எதுவும் சொல்லலையே."

"யாருமே சொல்லலை. சொன்னா பதில் சொல்லிடுவேனே," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஆர்லிஸ் இருபத்து மூன்று பதார்த்தத்தின் பெயரையும் அச்சடித்த படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் போனில் உட்கார்ந்தாள். நூற்றுப் பதின்மூன்று பேர் கிடைத்தார்கள். வெர்னா நெஸ்விக் என்கிற பாடகர் குழுக்காரியின் பதில் மாதிரியே எல்லார் பதிலும் இருந்தது.

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டேன், ஆர்லிஸ்."

"டமாலே?"

"சாப்பிட்டேன். வித்தியாசமா இருந்துச்சு."

"என்னோட லெமன் ஃப்ளஃப்?"

"அடடா, அதுக்குத்தானே நான் விருந்துக்கே வர்றேன்!"

ஆர்லிஸுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிற்று. லெமன் ஃப்ளஃப் என்பது எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் ஜெலட்டினும் சேர்த்து, முட்டை வெள்ளையை நுரை பொங்க அடித்துக் கலந்து குளிரவைக்கும் இனிப்பு. இருபது வருஷமாக அவள்தான் அதைக் கொண்டுவருகிறாள். கொண்டுபோன பாத்திரம் ஒருநாளும் மிச்சத்தோடு வீடு திரும்பியதில்லை.

மாநிலத் தலைநகரில் இருந்த நோய்ப்பரவல் ஆய்வாளர் டாக்டர் ரூத் காப்லன் சனிக்கிழமை போனில் வந்தாள். நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவள். மழையைப் பற்றிப் பேசத் தெரியாதவள்.

"ஆர்லிஸ், உங்க காகிதத்தைப் பார்த்தேன். படுத்தவங்களும் எல்லாத்தையும் சாப்பிட்டிருக்காங்க, படுக்காதவங்களும் எல்லாத்தையும் சாப்பிட்டிருக்காங்க. இதை வெச்சு நான் என்ன பண்றது? இருபத்து மூணு அயிட்டம்! உங்க ஊர்ல எல்லாருக்கும் மாட்டு வயிறா, இல்ல எல்லாரும் புளுகறாங்களா?"

"எங்க ஊர்ல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க," என்றாள் ஆர்லிஸ். கோபத்தில் காது சிவந்துவிட்டது.

"உங்க படிவம் எங்க? நீங்களும் விருந்துக்குப் போனீங்கல்ல?"

அது இன்னும் பாக்கி. போனை வைத்ததும் ஆர்லிஸ் தன் பெயரை எழுதி, மேலிருந்து கீழாக 'சாப்பிட்டேன்', 'சாப்பிட்டேன்' என்று டிக் அடித்துக்கொண்டே வந்தாள். தான் கொண்டுபோனதைத் தொடாததால் லெமன் ஃப்ளஃபுக்கு மட்டும் டிக் போடவில்லை. வெர்னாவின் ஊறுகாய் மீனுக்கும் டிக் போட்டாள். போட்ட பிறகு பேனா அப்படியே நின்றுவிட்டது. வெர்னாவின் மீனை அவள் எங்கே சாப்பிட்டாள்? அந்த வாசனைக்கே குமட்டும் என்று காகிதக் கைத்துண்டுக்கு அடியில் அல்லவா ஒளித்தாள்! டமாலே? தட்டைக் கழுவ எடுத்துப்போனபோது முழுசாகக் குப்பைத் தொட்டியில் தள்ளினாள். வாயில் வைக்கவே இல்லை. பக்கத்தில் நின்றிருந்த மூன்று பெண்களும் அதையேதான் செய்தார்கள். பார்த்தும் பார்க்காதது மாதிரி ஒருத்திக்கொருத்தி வழிவிட்டு நின்றார்கள்.

யாரும் பார்க்காத அறையில், தன் பெயர் போட்ட காகிதத்தில், யாருடைய மனசும் புண்படாத இடத்தில்கூடத் தன் கை தானாகப் பொய் எழுதுகிறதே என்று அவளுக்குத் திக்கென்றது. மூன்று நாள் உழைப்பும் குப்பை என்று அப்போது புரிந்தது. நூற்றுப் பதின்மூன்று பேரிடமும் அவள் வாங்கி வைத்திருந்தது வெறும் மரியாதையை.

ஞாயிற்றுக்கிழமை மதியமே ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தடவை மழையைப் பற்றிப் பேசவில்லை.

"வெர்னா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன். உன் மீனை நான் சாப்பிடலை. கைத்துண்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சுத் தூக்கிப் போட்டுட்டேன். இருபது வருஷமா அப்படித்தான் பண்றேன்."

எதிர்முனையில் வெர்னா பெருமூச்சு விட்டாள். "அதை எனக்கே பிடிக்காது, ஆர்லிஸ். மாமியார் செஞ்சது, விட முடியலை."

"சரி, இப்ப நீ சொல்லு. நீ என்ன சாப்பிட்டேன்னு கேட்கலை. தட்டைக் கழுவப் போட்டப்ப அதுல என்ன மிச்சம் இருந்துச்சு?"

அந்த ஒரு கேள்வி கதவைத் திறந்துவிட்டது. தான் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு கேட்டதால் ஒவ்வொருவராக இறங்கிவந்தார்கள். பால்பண்ணை டுவேன் பாதித் தட்டை நாய்க்குப் போட்டதாகச் சொன்னான். கறக்க நேரமாகிவிட்டது என்று இனிப்பு வருவதற்கு முன்பே கிளம்பியவர்கள் ஒன்பது பேர். எண்பது வயது வாலஸ் சொன்னதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அந்த மெக்சிகோ அயிட்டம் ரொம்பக் கெட்டி, ஆர்லிஸ். நார் நாரா இருந்துச்சு. ரெண்டு கடி கடிச்சேன், பல்செட்டே கழண்டு வந்துடும் போல இருந்துச்சு."

"வாலஸ், மேல சுத்தியிருந்த மடலைப் பிரிச்சீங்களா?"

"அதைப் பிரிக்கணுமா?"

வாலஸ் மட்டுமில்லை, இன்னும் ஆறு பேர் மடலோடு கடித்திருந்தார்கள். ஒருத்தர்கூட எலோடியாவிடம் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே!

ஆனால் ஒப்புக்கொள்ளச் சொன்னால் எல்லாவற்றையும்தானே ஒப்புக்கொள்வார்கள். "கோவிச்சுக்காதே, ஆர்லிஸ், உன் லெமன் ஃப்ளஃப் எனக்குப் பல்லு கூசும். நான் தொடறதே இல்லை," என்று முதலில் சொன்னவளே வெர்னாதான். அதற்குத்தானே விருந்துக்கே வருகிறேன் என்றவள்! அப்புறம் இன்னொருத்தி, பிறகு பாஸ்டரின் மனைவி. ஒவ்வொரு தடவையும் ஆர்லிஸ் "ரொம்ப நன்றி, எழுதிக்கறேன்," என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு 'சாப்பிடவில்லை' என்று குறித்துக்கொண்டாள். புதன்கிழமைக்குள் அறுபத்தொரு பேர் அப்படிச் சொல்லியிருந்தார்கள். இருபது வருஷத்து இனிப்பு! அழுகையே வந்துவிட்டது.

புதன் மதியம் கூட்டிப் பார்த்தாள். டமாலேயை உண்மையாகச் சாப்பிட்டவர்கள் பத்தொன்பது பேர். அதில் படுத்தவர்கள் ஏழு. சாப்பிடாத தொண்ணூற்று நாலு பேரில் படுத்தவர்கள் முப்பத்தொன்பது. சாப்பிட்டாலும் ஒன்று, சாப்பிடாவிட்டாலும் ஒன்று. டமாலேக்கும் நோய்க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எலோடியா தப்பித்தாள் என்று ஆர்லிஸ் சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி வந்து கடைசிக்கு முந்தின வரியில் நின்றாள். லெமன் ஃப்ளஃப். சாப்பிட்டவர்கள் ஐம்பத்திரண்டு, படுத்தவர்கள் நாற்பத்து மூன்று. சாப்பிடாதவர்கள் அறுபத்தொன்று, படுத்தவர்கள் மூன்றே மூன்று.

மறுபடி கூட்டினாள். மறுபடியும் அதே கணக்கு. அவள் மனசை நோகடித்த அறுபத்தொரு பேரும் அநேகமாகச் சௌக்கியமாக இருந்தார்கள். அவள் இனிப்பை ஆசையோடு வழித்துச் சாப்பிட்டவர்கள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள்.

காகிதங்கள் எல்லாம் அவளிடம்தான் இருந்தன. முதல் சுற்றுப் படிவங்களை அனுப்பி, ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிவிட்டால் கேட்பார் கிடையாது. அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அதுவும் மரியாதைக்குச் சொல்கிற பொய்தான். நாளைக்குக் குழு கூடப்போகிறது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. டாக்டர் காப்லனைக் கூப்பிட்டாள்.

"நான்தான் காரணம். என் பாத்திரம்தான். அடுப்படியை எத்தனை தடவை துடைச்சேன், தெரியுமா?"

"இருங்க, இருங்க. முட்டை வெள்ளையை வேகவெச்சீங்களா?"

"அதை யாரு வேகவெப்பா? அடிச்சுக் கலக்கறதுதான்."

"முட்டை ஓடு விரிசல் விட்டிருந்துச்சா? அழுக்கா இருந்துச்சா?"

"துடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு."

"அப்படின்னா உங்க கை மேல தப்பில்லை. கிழக்கு மாநிலங்கள்ல இந்த வருஷம் இதேதான் பார்க்கறாங்க. நல்ல முட்டைக்கு உள்ளேயே கிருமி இருக்கு. கோழிக்குள்ளயே ஒட்டிக்கிட்டு வருது. கழுவினா போகாது. எங்க வாங்கினீங்க?"

ஆர்லிஸ் பண்ணையின் பெயரைச் சொன்னாள்.

"வேற யாரு அங்க வாங்கறாங்க?"

"முதியோர் இல்லம். வெள்ளிக்கிழமைதோறும் பச்சை முட்டை அடிச்ச பால் குடுப்பாங்க. நாற்பது பேருக்கு."

"இன்னிக்குப் புதன்," என்றாள் டாக்டர் காப்லன். "போனை வையுங்க. அங்க கூப்பிடுங்க."

அந்த வெள்ளிக்கிழமை யாருக்கும் முட்டைப்பால் கிடைக்கவில்லை. இல்லத்தின் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப்போன முட்டைகளில் அதே கிருமி இருந்தது என்று பத்து நாள் கழித்துப் பரிசோதனைக் கூடத்திலிருந்து தகவல் வந்தது. நாற்பது கிழவர்களும் கிழவிகளும், தாங்கள் எதிலிருந்து தப்பித்தோம் என்றே தெரியாமல், பால் ஏன் வரவில்லை என்று ஒரு வாரம் புலம்பினார்கள்.

வியாழக்கிழமை காலை குழுவின் முன் ஆர்லிஸ் எழுந்து நின்று, டமாலே இல்லை, தன் லெமன் ஃப்ளஃப்தான் என்று எண்களோடு சொன்னாள். குழுத் தலைவர் மெர்ல் தொண்டையைக் கனைத்தார்.

"எலோடியாவைப் பத்தி நாங்க ஒண்ணுமே சொல்லலையே."

"தெரியும், மெர்ல். அப்படின்னா, திங்கட்கிழமையிலிருந்து அவ வேலைக்கு வர்றாள்னு எழுதிக் குடுத்துடுங்க," என்றாள் ஆர்லிஸ். எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகும் பதினாறு வருஷம் அவள் அந்த நாற்காலியில் இருந்தாள். குடிநீரில் வந்த காய்ச்சல், பள்ளிக்கூடத்தில் பரவிய மஞ்சள்காமாலை, எத்தனையோ விசாரணை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாரையும், தன் படிவத்தைத் தானே நிரப்பி அதில் எத்தனை பொய் என்று எண்ணிப் பார்க்காமல் போனைத் தொட விடமாட்டாள். ஆனால் அவளுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது அந்த வியாழக்கிழமை மதியம்தான். குழுவின் கடிதத்தை எடுத்துக்கொண்டு எலோடியாவின் வீட்டுக்குப் போனாள்.

எலோடியா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சமையலறை மேஜையில் எதிரே உட்கார்ந்து, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

கணக்குப் போட்டோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆர்லிஸ் சொன்னாள்: "உன் டமாலேயைச் சாப்பிட்டவங்க ரொம்பக் கம்மி. அதை வெச்சுத்தான்."

"எத்தனை பேர்?"

"பத்தொன்பது."

"நான் நூத்தி முப்பது செஞ்சேனே. பாத்திரம் காலியாத்தானே வந்துச்சு."

"குப்பைத் தொட்டி நிறைஞ்சுது, எலோடியா."

எலோடியா சன்னலைப் பார்த்தாள். "எல்லாரும் வந்து நல்லா இருக்குன்னு சொன்னாங்களே. ரெண்டு நாள் ரமீரோகிட்ட அதையே சொல்லிட்டிருந்தேன்." ஆர்லிஸின் பக்கம் திரும்பினாள். "நீங்க? நீங்க அந்தப் பத்தொன்பதுல இருக்கீங்களா?"

"இல்லை. நானும் தொட்டியிலதான் போட்டேன்." சொன்னபோது ஆர்லிஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அந்தப் பத்தொன்பது பேர் யாருன்னு நான் சொல்லக் கூடாது, அது சட்டம். ஆனா அதுல பதினோரு பேர் ரெண்டாவது எடுத்துச் சாப்பிட்டிருக்காங்க. வேற ஏழு பேர் மடலோட கடிச்சிருக்காங்க. அவங்களைச் சாப்பிட்ட கணக்குல சேர்க்கலை."

"மடலோடவா?"

"ஒருத்தருக்குப் பல்செட்டே கழண்டுடும் போல இருந்துச்சாம்."

எலோடியா வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது எந்தத் தண்ணீர் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. எழுந்து போய் அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் திறந்து, ஒரு டமாலேயை எடுத்து ஆர்லிஸின் முன்னால் வைத்தாள். மடலை எப்படிப் பிரிப்பது என்று காட்டினாள். கையைக் கட்டிக்கொண்டு எதிரிலேயே நின்றாள்.

ஆர்லிஸ் கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டாள்.

"எப்படி இருக்கு?"

ஆர்லிஸ் யோசித்தாள். ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும், சமைத்தவளின் முகத்தைப் பார்த்து அவள் உண்மையைச் சொன்னதே இல்லை.

"காரம் நல்லா இருக்கு. மாவுல உப்பு கம்மி."

எலோடியா அவளையே பார்த்தாள். பிறகு ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டு மென்று பார்த்தாள்.

"ஆமா, கம்மிதான்," என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.